ஜூலை 31 வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் வீரர் பரிமாற்றத்துக்கான (டிரேட்) கெடு ஜூலை இறுதியை ஒட்டி முடிகிறது. அந்த ஒரு வாரம் மட்டும் "அதிரடி டிரேட்", "கடைசி நிமிடத் திருப்பம்" என்று செய்திகள் வரிசை கட்டி வருகின்றன. அந்த அதிரடிகளில் பாதியாவது மே மாதத்திலேயே நடந்திருக்க வேண்டியவை. அணி நிர்வாகங்கள் காட்டும் நிதானத்தில் ஒரு பகுதிக்கு நியாயம் இருக்கிறது. மீதி வெறும் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு அணிகள் கொடுக்கும் விலையைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

2025 சீசனையே எடுத்துக்கொள்வோம். மே 12 அன்று சியாட்டிலில் நடந்த ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸின் தேர்ட் பேஸ் (மூன்றாவது தளத்தைக் காக்கும் இடம்) வீரர் ஓஸ்வால்டோ கப்ரேராவுக்குக் கணுக்கால் முறிந்தது. அந்த சீசனில் அவர் இனி ஆட முடியாது என்பது விரைவிலேயே தெளிவாகிவிட்டது. அதற்கு முந்தைய நாள்தான் கொலராடோ ராக்கீஸ், 7 வெற்றி, 33 தோல்வி என்ற நிலையில் மேனேஜர் பட் பிளாக்கை நீக்கியிருந்தது. ராக்கீஸிடம் தேர்ட் பேஸில் மிக நன்றாகத் தடுத்தாடும் ரயன் மெக்மஹன் இருந்தார். அவருடைய ஒப்பந்தம் 2027 வரை. ஒரு பக்கம் தேர்ட் பேஸில் ஆளில்லாத, பட்டத்தைக் குறிவைக்கும் அணி. மறுபக்கம் 40 ஆட்டங்களிலேயே சீசன் முடிந்துபோன அணி. இரண்டு நிலைமையும் அன்றைக்கே ஊரறிந்தவை.

டிரேட் நடந்தது ஜூலை 25 அன்று. இடையில் 74 நாட்கள். அந்த நாட்களில் செகண்ட் பேஸ் வீரர் ஜாஸ் சிஸத்தைத் தேர்ட் பேஸுக்கு நகர்த்தினார்கள். அவர் விட்டுப்போன செகண்ட் பேஸை வயதேறிய டி.ஜே. லமேஹியூவைக் கொண்டு நிரப்பினார்கள். ஜூலையில் அவரை விடுவித்துவிட்டு சிஸத்தைப் பழைய இடத்துக்கே திருப்பினார்கள். பேட்டிங்கில் தடுமாறிக்கொண்டிருந்த ஓஸ்வால்ட் பெராசாவிடம் தேர்ட் பேஸ் போனது. ஒரு இடத்து ஓட்டையை அடைக்கப் போய் இரண்டு இடங்கள் கெட்டன. சீசன் முடிவில் யாங்கீஸ் 94 வெற்றி, டொராண்டோ ப்ளூ ஜேஸும் 94 வெற்றி. நேருக்கு நேர் மோதியதில் டொராண்டோ 8-5 என்று முன்னிலையில் இருந்ததால் டிவிஷன் (லீக்கின் உட்பிரிவு) பட்டமும் முதல் சுற்று ஓய்வும் டொராண்டோவுக்குப் போயின. யாங்கீஸ் வைல்டு கார்டு சுற்றில் (ஓய்வு கிடைக்காத அணிகள் ஆடும் பிளேஆஃப் முதல் சுற்று) மூன்று ஆட்டம் ஆடி பாஸ்டனை வென்றது. அடுத்த சுற்றில் அதே டொராண்டோவிடம் 3-1 என்று தோற்று வெளியேறியது. டொராண்டோ, இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் ஏழாவது, அதாவது கடைசி ஆட்டம் வரை போனது.

மெக்மஹன் யாங்கீஸுக்கு வந்த பிறகு ஒன்றும் அடித்து நொறுக்கிவிடவில்லை. அவருடைய பேட்டிங் சராசரி .208தான் (ஆயிரம் பேட்டிங் வாய்ப்புக்கு 208 நல்ல அடி). ஆனால் அவரை வாங்கியது கையுறைக்காக, அதாவது தடுப்பாட்டத்துக்காக. பாஸ்டனுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் எதிரணி வீரர்கள் அமரும் டக்அவுட்டின் கம்பிக்கு மேல் தலைகுப்புற விழுந்தபடி அவர் பிடித்த கேட்ச், எதற்காக வாங்கினார்கள் என்பதைக் காட்டியது. 74 நாட்களில் அப்படி ஒரே ஒரு ஆட்டத்தைக் காப்பாற்றியிருந்தாலும் யாங்கீஸ் 95 வெற்றியோடு டிவிஷனைத் தனியாக வென்றிருக்கும். கட்டாயம் காப்பாற்றியிருப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பை வாங்க அவர்களுக்கு ஆகியிருக்கும் செலவு என்ன என்றுதான் கேட்க வேண்டும். 2025இல் அவருக்குச் சம்பளம் 1.2 கோடி டாலர். 186 நாள் சீசனில் 74 நாளுக்குச் சுமார் 48 லட்சம் டாலர் வரும். யாங்கீஸ் ஆடம்பர வரியின் (சம்பளச் செலவு வரம்பைத் தாண்டும் அணிகளுக்கு லீக் விதிக்கும் வரி) உச்ச அடுக்கில் இருக்கும் அணி என்பதால் 110 சதவீத வரியும் சேரும். மொத்தம் ஏறக்குறைய 1 கோடி டாலர். ஜூலையில் அவர்கள் கொடுத்தது கீழ்நிலை மைனர் லீக்கில் இருந்த இரண்டு இளம் பிட்சர்களை (பந்து வீச்சாளர்கள்). மே மாதத்தில் ராக்கீஸ் மூன்றாவதாக ஒருவரைக் கேட்டிருந்தாலும் யாங்கீஸ் யோசித்திருக்கக் கூடாது.

இந்த வாதத்தின் அடிப்படை எளிய கணக்கு. பதிலிக்கு வரும் சாதாரண வீரரைவிட முழு சீசனில் 4 வெற்றி கூடுதலாகத் தரக்கூடிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மே 15க்குப் பிறகு ஓர் அணிக்குச் சுமார் 118 ஆட்டங்கள் பாக்கி இருக்கும். அவரிடமிருந்து 2.9 வெற்றி எதிர்பார்க்கலாம். ஜூலை 31க்குப் பிறகு பாக்கி சுமார் 54 ஆட்டங்கள். எதிர்பார்ப்பு 1.3 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்டிங் பிட்சர் (ஸ்டார்டர்) என்றால் ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை வீசுவார். மே நடுவில் வாங்கினால் 23 ஆட்டம், ஜூலை கடைசியில் வாங்கினால் 10, 11. ஒன்றரை வெற்றி என்பது கேட்கச் சிறிதாகத் தெரியலாம். 2024இல் மெட்ஸ், பிரேவ்ஸ், டயமண்ட்பேக்ஸ் மூன்றும் 89 வெற்றியோடு முடித்தன. டயமண்ட்பேக்ஸ் பிளேஆஃபுக்கு வெளியே போனது. 2025இல் ரெட்ஸும் மெட்ஸும் 83 வெற்றி. மெட்ஸ் வெளியே போனது. 2022 முதல் சமநிலையை உடைக்கத் தனி ஆட்டம் கிடையாது, காகிதத்திலேயே முடிந்துவிடுகிறது. இதில் 2025 மெட்ஸின் கதை வேதனையானது. ஜூன் 12 அன்று 45-24 (45 வெற்றி, 24 தோல்வி) என்று பேஸ்பாலிலேயே முதலிடத்தில் இருந்தார்கள். அன்றைக்குத்தான் ஸ்டார்டர் கோடாய் செங்காவுக்குத் தொடைத் தசையில் காயம். அதே மாதம் இன்னும் இரண்டு ஸ்டார்டர்கள் காயத்தில் விழுந்தார்கள். ஜூலை கடைசியில் ரிலீவர்களையும் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சர்கள்) ஒரு சென்டர் ஃபீல்டரையும் (மைதானத்தின் வெளிப்பகுதி நடுவில் நிற்பவர்) வாங்கினார்கள். ஸ்டார்டர் எவரையும் வாங்கவில்லை. ஜூன் 12க்குப் பிறகு அவர்களுடைய கணக்கு 38-55.

சீக்கிரம் வாங்கியவர்கள் ஒரே வெற்றி வித்தியாசத்தில் கரை சேர்ந்ததும் பலமுறை நடந்திருக்கிறது. 1964 ஜூன் 15 அன்று லூ பிராக்கை வாங்கிய கார்டினல்ஸ் 93 வெற்றியோடு லீக் பட்டம் வென்றது. ரெட்ஸும் ஃபிலீஸும் 92. பிராக் வந்த பிறகு 103 ஆட்டங்களில் .348 அடித்தார். 2004 ஜூன் 24 அன்று கார்லோஸ் பெல்ட்ரானை வாங்கிய ஆஸ்ட்ரோஸ் 92 வெற்றியோடு வைல்டு கார்டைப் பிடித்தது. ஜயண்ட்ஸ் 91. பெல்ட்ரான் அவர்களுக்காக 90 ஆட்டங்களில் 23 ஹோம் ரன் அடித்தார். 2008 ஜூலை 7 அன்று பிட்சர் சி.சி. சபாத்தியாவை வாங்கிய மில்வாக்கி ப்ரூவர்ஸ் 90 வெற்றி, மெட்ஸ் 89. சபாத்தியா அங்கே 17 ஆட்டங்களைத் தொடங்கி 11-2 என்ற கணக்கில் 1.65 இ.ஆர்.ஏ.யுடன் (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி) முடித்தார். கெடு வரை காத்திருந்தால் நான்கைந்து ஆட்டம் குறைந்திருக்கும். மில்வாக்கி 1982க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃப் போனதே அந்த நான்கைந்து ஆட்டத்தால்தான் என்பது என் கருத்து.

"சீசன் தொடங்கி ஆறு வாரத்தில் எதை வைத்து முடிவெடுப்பது?" என்பதுதான் நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். 1985 வரை டிரேடுக்கான கெடு ஜூன் 15. கிட்டத்தட்ட 60 ஆட்டம் முடிந்த நிலையில், வீச்சின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் கருவிகள் எதுவும் இல்லாமல் அன்றைய நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். 1986இல் கெடு ஜூலை 31க்கு நகர்ந்தது, முடிவுகளும் கூடவே நகர்ந்தன. இன்றைக்கு இருக்கும் தகவலோ அன்று கனவிலும் கிடைத்திராதது. ஒரு பேட்டரின் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) விகிதம் சுமார் 60 முறை களமிறங்கியதிலேயே ஓரளவு நம்பத்தக்கதாகிறது. தினமும் ஆடுபவருக்கு அது இரண்டு வாரம். வாக் (நான்கு தவறான பந்துகளால் முதல் தளத்துக்குப் போவது) விகிதத்துக்கு 120 முறை போதும். பிட்சரின் பந்து வேகம் மணிக்கு இரண்டு மைல் குறைந்திருந்தால் மூன்று நான்கு ஆட்டத்தில் தெரிந்துவிடும். பேட்டிங் சராசரிதான் ஒரு முழு சீசன் போனாலும் ஏமாற்றும். எந்த நல்ல நிர்வாகமும் சராசரியைப் பார்த்து வாங்குவதில்லை. பிறகு ஏன் அது நிலைபெறக் காத்திருக்க வேண்டும்?

2021 மே 21 அன்று நடந்த வில்லி அடாமஸ் டிரேடை இதற்கு முழுப் பாடமாகவே படிக்கலாம். அன்றைக்கு டாம்பா பே ரேஸுக்காக அவருடைய சராசரி .197. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் கிட்டே போகமாட்டார்கள். ஆனால் சொந்த மைதானமான ட்ராபிகானா ஃபீல்டின் விளக்கு வெளிச்சத்தில் பந்து சரியாகத் தெரியவில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. வெளியூர் ஆட்டங்களில் அவருடைய பேட்டிங் முற்றிலும் வேறாக இருந்தது. மில்வாக்கி அப்போது 21-23. அடாமஸ் ஷார்ட்ஸ்டாப்புக்கு (செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு இடையிலான இடம்) வந்ததும் அங்கே ஆடிக்கொண்டிருந்த லூயிஸ் உரியாஸ் தேர்ட் பேஸுக்கு நகர்ந்தார். யாங்கீஸுக்கு ஒரு காயத்தால் இரண்டு இடம் கெட்டதென்றால், மில்வாக்கிக்கு ஒரு டிரேடால் இரண்டு இடம் சரியானது. அடாமஸ் 99 ஆட்டங்களில் .285, 20 ஹோம் ரன். அணி அதன்பின் 74-44 என்று ஓடி டிவிஷனை வென்றது.

இந்த டிரேடில் விற்றவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். டாம்பா பே ரேஸ் தோற்றுக்கொண்டிருந்த அணி அல்ல. அந்த ஆண்டு 100 வெற்றி பெற்ற அணி. அவர்களிடம் ஷார்ட்ஸ்டாப்புக்கு இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள், பிட்சர்கள் தேவைப்பட்டார்கள். கிடைத்த இருவரில் ட்ரூ ராஸ்முசென் ஸ்டார்டராக மாறி 2022இல் 11-7, 2.84 இ.ஆர்.ஏ. எடுத்தார். "மே மாதத்தில் விற்க யாரும் தயாராக இல்லை" என்ற பேச்சுக்கு இதுதான் விடை. கைவிட்ட அணிகளை மட்டும் தேடினால் மே மாதத்தில் ஆள் கிடைப்பது கடினம்தான். மிச்சமும் குறையும் வேறு வேறு இடங்களில் இருக்கும் இரண்டு நல்ல அணிகள் எப்போதும் கிடைக்கும்.

கைவிட்ட அணிகள் மே மாதத்திலேயே விற்பதற்கும் காரணம் உண்டு. விற்பவர் கையில் இருப்பது மீதமுள்ள ஆட்டங்கள்தான், அது தினமும் கரைகிறது. வீரருக்குக் காயம் பட்டால் முழுவதும் போய்விடும். 2023 ஜூன் 30 அன்று கேன்சஸ் சிட்டி ராயல்ஸ், அரோல்டிஸ் சாப்மனை டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்து கோல் ரேகன்ஸை வாங்கியது. ஒரு மாதம் முந்தியதால் சந்தையில் போட்டிக்கு வேறு ரிலீவர்கள் இல்லை, நல்ல விலை கிடைத்தது. ரேஞ்சர்ஸ் அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸ் வென்றது. 106 தோல்வி கண்ட ராயல்ஸ், ரேகன்ஸ் முதல் பிட்சராக வளர, அடுத்த ஆண்டே பிளேஆஃபுக்குப் போனது. 2024 மே தொடக்கத்தில் மயாமி மார்லின்ஸ் லூயிஸ் அராயஸை சான் டியேகோவுக்குக் கொடுத்தபோது "இவ்வளவு சீக்கிரமா?" என்று கண்டனம் எழுந்தது. சீசனை 0-9 என்று தொடங்கிய அணி எதற்காகக் காத்திருக்க வேண்டும்? அந்த டிரேடில் வந்த ஜேகப் மார்சீ 2025 ஆகஸ்டில் மேலே வந்து சென்டர் ஃபீல்டைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அராயஸ் டிரேடில் பணத்தைக் கையாண்ட விதத்தையும் மற்ற அணிகள் பின்பற்றலாம். சீக்கிரம் வாங்கத் தயங்குவதற்கு மெய்யான காரணம் பெரும்பாலும் சம்பளம்தான். 1.86 கோடி டாலர் சம்பளம் என்றால் நாளுக்கு 1 லட்சம் டாலர். மே 15 அன்று வாங்கினால் 137 நாள், 1.37 கோடி. ஜூலை 31 என்றால் 60 லட்சம். வித்தியாசம் 77 லட்சம். வரியின் உச்ச அடுக்கில் இருக்கும் அணிக்கு அது 1.6 கோடியைத் தாண்டும். அராயஸுக்கு லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் போக மீதியை மார்லின்ஸே ஏற்றுக்கொண்டது. சான் டியேகோ அதற்கு ஈடாக இளம் வீரர்களைக் கொடுத்தது. விற்கும் அணிக்கு வரி பிரச்சினை இல்லை என்பதால் இருவருக்கும் இது லாபம். விலையில் ஒத்துப்போகாவிட்டால் "பின்னர் பெயர் சொல்லப்படும் வீரர்" என்று ஒருவரைச் சேர்த்து, ஆறு மாதத்துக்குள் முடிவு செய்யலாம். சபாத்தியா டிரேடில் அப்படி அக்டோபரில் க்ளீவ்லாந்துக்குப் போனவர்தான் பின்னாளில் ஐந்து முறை ஆல்-ஸ்டார் (சிறந்த வீரர்களின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆன மைக்கேல் பிரான்ட்லி.

பட்டியலில் இடம் இல்லை என்பதும் பல நேரம் சாக்கு. காயத்தால் சீசன் முழுக்க ஆட முடியாமல் போன வீரரை 60 நாள் காயப் பட்டியலுக்கு மாற்றினாலே அணியின் 40 பேர் பட்டியலில் ஓரிடம் காலியாகும். "டிராஃப்ட் வேலை இருக்கிறது" என்பதும் அப்படித்தான். புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2021 முதல் ஜூலையில் நடக்கிறது. அதில் எடுத்த வீரரை வேர்ல்டு சீரிஸ் முடியும் வரை டிரேட் செய்ய முடியாது. ஆகவே அதற்காகக் காத்திருப்பதால் கையில் புதுச் சரக்கு எதுவும் சேராது. மருத்துவப் பரிசோதனைக்கோ சீக்கிரம் செய்வதே நல்லது. 2015 ஜூலை கடைசியில் கார்லோஸ் கோமஸை வாங்க இருந்த மெட்ஸ், இடுப்பு மூட்டு பற்றிய மருத்துவ அறிக்கையைப் பார்த்துப் பின்வாங்கியது. கெடுவுக்கு இரண்டே நாள் இருந்தது. அப்போது மாற்று ஏற்பாடு கிடைத்தது அவர்களுடைய நல்ல நேரம். மே மாதத்தில் ஸ்கேன் படங்களை ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம்.

சீக்கிரம் செய்து கெட்ட டிரேடும் உண்டு. 2002 ஜூன் 27 அன்று மான்ட்ரியல் எக்ஸ்போஸ் பார்டோலோ கோலோனுக்காக க்ளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிராண்டன் ஃபிலிப்ஸ் மூவரையும் கொடுத்தது. கோலோன் அங்கே 10-4 என்று நன்றாகவே வீசினார். ஆனாலும் அணி 83 வெற்றியோடு நின்றுவிட்டது. கொடுத்த மூவரும் பின்னர் ஆல்-ஸ்டார்கள். லீக்கே அணியைக் கலைத்துவிடும் என்ற பேச்சு இருந்த காலம் அது, நாளை என்று ஒன்று இல்லாதவர்களின் டிரேட். 2025 ஜூன் 15 அன்று ரஃபேல் டெவர்ஸை வாங்கிய ஜயண்ட்ஸும் 81-81 என்றே முடித்தது. அவரைக் கொடுத்த பாஸ்டன் 89 வெற்றியோடு பிளேஆஃப் போனது. இந்த இரண்டிலும் தவறு தேதியில் இல்லை. கோலோனுக்குக் கொடுத்த விலை ஜூலை 31 அன்றும் அதிகம்தான். ஜயண்ட்ஸுக்கு ஒரு பேட்டர் மட்டும் போதாது என்பதும் எந்த மாதத்துக்கும் பொருந்தும்.

2019இல் 19-31 என்று தொடங்கிய வாஷிங்டன் நேஷனல்ஸ் வேர்ல்டு சீரிஸ் வென்றதையும், 2024இல் 7-19 என்று தொடங்கிய ஆஸ்ட்ரோஸ் டிவிஷனை வென்றதையும் காத்திருப்பதற்கான சான்றாகச் சொல்வார்கள். சரியான சான்றுதான், ஆனால் விற்கத் துடிக்கும் நல்ல அணிக்கு. 2024இல் 3-22 என்று தொடங்கி 121 தோல்வியில் முடித்த சிகாகோ வொய்ட் சாக்ஸுக்கு அதில் எந்த ஆறுதலும் இல்லை. வாங்க வேண்டிய அணிக்கோ அது எதிர்ப்பக்கச் சான்று: மே மாதத்தில் தடுமாறும் அணிக்கும் உயிர் இருக்கிறது என்றால் அதற்கு உதவியும் மே மாதத்திலேயே வர வேண்டும்.

ரிலீவர்கள் விஷயத்தில் மட்டும் காத்திருப்பது பெரும்பாலும் சரி. அவர்களுடைய ஆட்டம் மாதத்துக்கு மாதம் மாறும், ஜூலையில் சந்தையில் நிறையப் பேர் வருவார்கள், கடைசி 54 ஆட்டத்துக்கும் அக்டோபருக்கும்தான் அவர்கள் முக்கியம். சாப்மன் போன்றவர் விதிவிலக்கு. ஷார்ட்ஸ்டாப், தேர்ட் பேஸ், கேட்சர், ஸ்டார்டர் ஆகிய இடங்களில் காயத்தால் ஓட்டை விழுந்தால் இரண்டு வாரத்துக்குள் அடைக்க வேண்டும்.

நிர்வாகிகளின் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. மே மாதத்தில் செய்த டிரேட் தவறினால் அது அவர் பெயரோடு பல ஆண்டுகள் ஒட்டிக்கொள்ளும். செய்யாமல் விட்ட டிரேடால் தோற்ற ஆட்டங்களுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. பத்திரிகைகளும் ஜூலை 31 இரவு "யார் வென்றார், யார் தோற்றார்" என்று மதிப்பெண் போடுகின்றன. அந்த வீரர் 74 நாள் முன்பே கிடைத்திருப்பாரா என்று கேட்பதில்லை. உங்கள் விளையாட்டுப் பக்கம் ஜூன் முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்.

லீக்கும் ஒன்று செய்யலாம். ஒப்பந்தம் முடியும் நட்சத்திர வீரருக்கு அவருடைய அணி சீசன் முடிவில் ஓராண்டு ஒப்பந்தம் ஒன்றை முன்வைக்கிறது. 2025இல் அதன் தொகை 2 கோடியே 20 லட்சம் டாலருக்குச் சற்று மேல். அதை மறுத்து அவர் வேறு அணியில் சேர்ந்தால் பழைய அணிக்கு டிராஃப்டில் கூடுதல் தேர்வு கிடைக்கிறது. ஆனால் சீசன் முழுக்க ஒரே அணியில் இருந்தவருக்கு மட்டுமே இது பொருந்தும். நடுவில் டிரேட் செய்யப்பட்டால் வாங்கியவருக்கும் இல்லை, விற்றவருக்கும் இல்லை. மே மாதத்தில் வாங்கினாலும் ஜூலை கடைசியில் வாங்கினாலும் ஒரே இழப்பு. ஜூன் 1க்கு முன் வாங்கிய அணிக்கு அந்த உரிமையைக் கொடுத்தால், சீக்கிரம் வாங்க வெளிப்படையான ஓர் ஆதாயம் உருவாகும். விற்பவரும் அந்தத் தேர்வின் மதிப்பை விலையில் சேர்த்துக் கேட்கலாம். வீரர் சங்கத்துடனான தற்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்க இது ஒரு வரி மாற்றம்தான்.

இப்படிக்கு,
பேஸ்பால் வாசகர் ஒருவர்